வேலையை விடாமல் துறை மாறியவர்

எலெக்டிவ் படிவத்தை இன்னும் நிரப்பாதவங்க கையைத் தூக்குங்க. நானும் தூக்கிக்கிறேன். ஒரு பக்கம் மூணு வருஷமா முட்டி மோதிப் பழகின ஜாவா, டேட்டா ஸ்ட்ரக்சர், வெப் டெவலப்மென்ட். இன்னொரு பக்கம் டேட்டா சயின்ஸ். முடிச்சுட்டுப் போன சீனியர் ஒருத்தர் சாஃப்ட்வேர்லயே இரு, அடிப்படை இல்லாம தாவாதேங்கிறார். இன்னொரு சீனியர் இப்பவே மாறு, அப்புறம் இடம் கிடைக்காதுங்கிறார். சொந்தக்காரர் கல்யாணத்துல பார்த்தவர்கூட ஏ.ஐ. வந்தாச்சே, நீ என்ன பண்ணப் போறேன்னு சாப்பாட்டு இலைக்கு நடுவுல கேட்டுட்டுப் போறார். உங்க நிலைமையும் ஏறக்குறைய இதுவாத்தான் இருக்கும்.

இந்தக் குழப்பத்துல இருக்கும்போதுதான் ஒரு மனுஷரோட வாழ்க்கையைப் படிச்சேன். டேட்டா சயின்ஸ்ங்கிற பேரே இல்லாத காலத்துல, நல்ல எதிர்காலம் இருந்த ஒரு துறையில இருந்து அந்தப் பக்கம் போனவர். பேர் பிரசந்த சந்திர மகலனோபிஸ். மெஷின் லேர்னிங் லேப்ல அவுட்லையர் கண்டுபிடிக்கும் பயிற்சி செஞ்சிருந்தீங்கன்னா அவர் பேரை நீங்களே டைப் அடிச்சிருப்பீங்க. சைபை லைப்ரரியில தூரம் கணக்கிடும் ஃபங்ஷன்களில் ஒன்றின் பேர் அது. நான் அதை ரொம்ப நாள் ஏதோ கிரேக்கப் பேர்னு நெனச்சுட்டு இருந்தேன். மனுஷர் சுத்த வங்காளி.

1893 ஜூன் 29-ம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். பிரம்ம சமாஜக் குடும்பம். பிரம்மோ ஆண்கள் பள்ளியில் படித்துவிட்டு பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் சேர்ந்தார். அந்தக் கல்லூரியின் அந்த வருஷங்களைப் பார்த்தால் நமக்கு மயக்கமே வரும். வாத்தியார்களில் ஜகதீஷ் சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் உண்டு. மேக்நாத் சாஹா இவருக்கு ஜூனியர். சுபாஷ் சந்திர போஸ் அதற்கும் ஜூனியர். 1912-ல் பட்டம் வாங்கிய கையோடு, அடுத்த வருஷம் லண்டன் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம் என்று இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

இங்கேதான் முதல் திருப்பம். அதற்குக் காரணம் திட்டமிடல் எதுவும் இல்லை. கேம்பிரிட்ஜைச் சும்மா சுற்றிப் பார்க்கப் போனவர், கிங்ஸ் கல்லூரியின் தேவாலயத்தைப் பார்த்து அசந்து நின்றதில் லண்டனுக்குத் திரும்பும் கடைசி ரயிலை விட்டுவிட்டார். அன்றைக்கு ராத்திரி ஒரு நண்பரின் அறையில் தங்கல். இங்கேயே சேர்ந்து பாரேன் என்று அங்கே இருந்த ஒருவர் யோசனை சொல்ல, விண்ணப்பித்தார், இடமும் கிடைத்தது. நாம ஆறு மாசம் கவுன்சிலிங் சாய்ஸ் லிஸ்ட் போட்டு வாங்கின சீட்டை நெனச்சுப் பாருங்க. இவர் ரயிலை விட்டதில் கேம்பிரிட்ஜ் மாணவர் ஆனார்.

கேம்பிரிட்ஜில் இவருக்கு ஒரு நண்பர் கிடைத்தார். 1914-ல் சென்னையிலிருந்து வந்து டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்திருந்த ராமானுஜன். குளிர்காலத்தில் ஒருநாள் மகலனோபிஸ் அவர் அறைக்குப் போனபோது, ராத்திரி குளிர் தாங்கவில்லை, ஓவர்கோட்டைப் போட்டுச் சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறேன் என்று ராமானுஜன் சொல்லியிருக்கிறார். கம்பளி இல்லையா என்று கட்டிலைப் பார்த்தால், கம்பளிகள் மெத்தையோடு சேர்த்து இறுக்கமாக மடித்துச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பும் போட்டிருக்கிறது. அதற்குள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று கும்பகோணத்தில் இருந்து போனவருக்கு யார் சொல்லித் தந்திருப்பார்கள்? மகலனோபிஸ்தான் பிரித்துக் காட்டினார். ஹாஸ்டலுக்கு முதல் நாள் வந்த எவருக்கும் இந்தக் காட்சி புரியும்.

இன்னொரு கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ராமானுஜன் அடுப்பில் காய் கிளறிக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டிராண்ட் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் அதில் வந்த ஒரு புதிரைப் படித்துக் காட்டினார். ஒரு தெரு. வீடுகளுக்கு 1, 2, 3 என வரிசையாக எண். ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். அந்த வீட்டு எண் என்ன? மகலனோபிஸ் போட்டுப் பார்த்துப் போட்டுப் பார்த்துச் சில நிமிடங்களில் விடையைப் பிடித்துவிட்டார்: 288 வீடுகள், 204-ம் எண். ராமானுஜன் கரண்டியை விடாமல் ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அதில் இந்த ஒரு விடை மட்டும் இல்லை, 500 என்ற வரம்பை எடுத்துவிட்டால் வரக்கூடிய எல்லா விடைகளும் இருந்தன. நாம என்ன பண்ணுவோம்? ஃபார் லூப் எழுதுவோம். அது மகலனோபிஸ் வழியைச் சேர்ந்ததுதான், கொஞ்சம் வேகம் அதிகம், அவ்வளவே. பக்கத்து நாற்காலியில் ராமானுஜன் உட்கார்ந்திருந்தும் இந்த மனுஷர் தன் கணக்கை விட்டுவிடவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

1915-ல் இயற்பியல் டிரைபாஸில் முதல் வகுப்பு. ஆராய்ச்சி உதவித்தொகையும் கிடைத்தது. கேவண்டிஷ் ஆய்வகத்தில் சி.டி.ஆர். வில்சனிடம் சேர்வதாக ஏற்பாடு. முகில் அறையை உருவாக்கிய அதே வில்சன், 1927-ல் நோபல் வாங்கப் போகிறவர். இன்றைய கணக்கில் இது கனவு கம்பெனியின் ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்திருப்பது மாதிரி. சேருவதற்கு முன் ஒரு தடவை வீட்டுக்குப் போய்வரலாம் என்று கிளம்பினார்.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. கப்பல் தாமதம். காத்திருந்த நாட்களில் கல்லூரி நூலகத்தில் பொழுதைப் போக்கினார். அங்கே இவருடைய டியூட்டர் மெக்காலே பயோமெட்ரிகா என்ற இதழின் கட்டுப் போட்ட தொகுதிகளைக் காட்டினார். கார்ல் பியர்சன் உள்ளிட்டோர் 1901-ல் தொடங்கிய புள்ளியியல் இதழ். மண்டையோட்டு அளவு, செடியின் இலை, மனிதர்களின் உயரம் என்று எதை எதையோ அளந்து, அந்த எண்களிலிருந்து முடிவு எடுக்கும் கட்டுரைகள். இயற்பியல் படித்தவருக்கு இது புதுசு. ஆய்வகத்தில் ஒரு பரிசோதனையைக் கட்டுப்படுத்தலாம். மனிதர்களையும் மழையையும் பயிரையும் அப்படிக் கட்டுப்படுத்த முடியாது. ஆனாலும் அவற்றைப் பற்றி அளந்து, நம்பகமாகப் பேச முடியும் என்று அந்தத் தொகுதிகள் காட்டின. மனுஷருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. தொகுதிகளை மொத்தமாக விலைக்கு வாங்கிப் பெட்டியில் போட்டு, கப்பலிலேயே படிக்க ஆரம்பித்துவிட்டார்.

கல்கத்தா வந்ததும் பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் வகுப்பெடுக்க ஆள் தேவைப்பட்டது. தற்காலிகமாக எடுத்தார். அந்தத் தற்காலிகம் முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. கேவண்டிஷுக்கு அவர் ஆராய்ச்சி மாணவராகத் திரும்பவே இல்லை.

இதுவரை படிச்சுட்டு, ஆஹா, பிடிச்ச துறையைப் பார்த்ததும் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டார்னு நீங்க முடிவு கட்டினா அது தப்பு. யூடியூப்ல வர்ற கதைகள் அப்படித்தான் போகும். இவர் இயற்பியல் வாத்தியார் வேலையை விடவே இல்லை. 1922-ல் பேராசிரியர் ஆனார். 1945-ல் அதே கல்லூரியின் முதல்வர் ஆனார். 1948-ல்தான் ஓய்வு. அதாவது புள்ளியியலில் உலகப் பேர் வாங்கிய காலம் முழுக்க அவருக்குச் சம்பளம் வந்தது இயற்பியல் துறையில் இருந்து. பகலில் வகுப்பு. மற்ற நேரத்தில் டேட்டா.

அந்த மற்ற நேரத்தில் என்ன செய்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். புத்தகம் படித்துக்கொண்டே இருக்கவில்லை. யார் கையில் புரியாத எண்கள் இருந்தனவோ அவர்களிடம் போனார், அல்லது அவர்கள் இவரிடம் வந்தார்கள். முதலில் வந்தவர் தத்துவப் பேராசிரியர் பிரஜேந்திரநாத் சீல். கல்கத்தா பல்கலைக்கழகத்தின் தேர்வு முடிவுகளை அலசிக் கொடுக்கச் சொன்னார். ஆக இந்தியாவின் பெரிய டேட்டா சயின்டிஸ்டின் முதல் டேட்டாசெட் செமஸ்டர் ரிசல்ட். நமக்கும் எளிதாகக் கிடைக்கக்கூடியது அதுதான்!

அடுத்து 1920. நாக்பூரில் இந்திய அறிவியல் மாநாடு. அங்கே இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையின் இயக்குநர் நெல்சன் அன்னண்டேலைச் சந்தித்தார். கல்கத்தாவில் இருந்த ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகளை அன்னண்டேல் சேகரித்து வைத்திருந்தார். அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. மகலனோபிஸ் வாங்கிக்கொண்டார். 1922-ல் அதிலிருந்து அவருடைய முதல் பெரிய புள்ளியியல் கட்டுரை வந்தது.

அந்த வேலையிலேயே ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. இரண்டு குழுக்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் அல்லது விலகல் என்று எப்படி அளப்பது? இது பதினான்கு வருஷம் அவர் மண்டையில் ஓடியிருக்கிறது. 1936-ல் வெளியான கட்டுரையில்தான் இன்றைக்கு மகலனோபிஸ் தூரம் என்று நாம் சொல்வது முழு வடிவம் பெற்றது.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வகுப்பில் இன்வர்ஸ் மேட்ரிக்ஸோடு போர்டில் எழுதும்போது எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. உங்க வகுப்பில் சராசரி உயரம் 170 செ.மீ., சராசரி எடை 65 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்க. ஒருத்தர் 185 செ.மீ., 85 கிலோ. இன்னொருத்தர் 160 செ.மீ., அதே 85 கிலோ. சாதாரண தூரச் சூத்திரத்தில் போட்டால் முதல் ஆள் சராசரியில் இருந்து 25 அலகு தள்ளி இருக்கிறார், இரண்டாமவர் சுமார் 22 அலகு. அதாவது முதல் ஆள்தான் வித்தியாசமானவர் என்று சூத்திரம் சொல்கிறது. ஆனால் உங்க கண்ணுக்கு அப்படித் தெரியுமா? உயரமானவர் எடை கூடி இருப்பது இயல்பு. உயரம் குறைந்து எடை கூடியவர்தான் அந்த வகுப்பின் போக்கில் இருந்து விலகியவர். உயரமும் எடையும் சேர்ந்தே நகரும் என்ற தகவல் சாதாரண சூத்திரத்துக்குத் தெரியாது. அதுமட்டுமில்லை, உயரத்தை மில்லிமீட்டரில் எழுதினால் தூரமே மாறிவிடும். மகலனோபிஸ் தூரம் அளவுகள் ஒன்றோடொன்று எப்படிப் பின்னியிருக்கின்றன என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. செ.மீ., மி.மீ. எதில் கொடுத்தாலும் ஒரே விடை. இன்றைக்குத் திருட்டுக் கார்டு பரிவர்த்தனையைப் பிடிப்பதில் இருந்து இயந்திரத்தில் கோளாறு கண்டுபிடிப்பது வரை இந்த யோசனை பயன்படுகிறது. பிறந்த இடம் கல்கத்தா ஆட்களின் தலை அளவும் மூக்கு அளவும்.

இங்கே ஒரு நெருடலையும் சொல்லிவிட வேண்டும். தலையையும் மூக்கையும் அளந்து மனிதர்களை வகைப்படுத்தும் அந்தக் காலத்து ஆராய்ச்சியின் பின்னால் காலனிய அரசின் சாதி, இனக் கணக்கு இருந்தது. ரிஸ்லி என்ற அதிகாரி அப்படி அளந்து பெரிய பெரிய முடிவுகளை எழுதியிருந்தார். மகலனோபிஸ் அதே ரிஸ்லியின் எண்களைத் திரும்ப எடுத்துச் சரிபார்த்து, அதில் இருந்த பிழைகளைத் திருத்தி வெளியிட்டார். டேட்டா கிளீனிங் என்று நாம் சலித்துக்கொண்டு செய்யும் வேலை. அந்தத் துறையின் அடிப்படையையே அவர் கேள்வி கேட்டாரா என்றால், அந்த அளவுக்குப் போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து வெள்ளம். நாம பொறியியல் மாணவர்கள் என்பதால் இந்தப் பகுதி கொஞ்சம் உறைக்கும். 1922-ல் வட வங்காளத்தில் பெரிய வெள்ளம். பொறியாளர்கள் குழு ஒன்று வெள்ளநீரைத் தேக்கிவைக்கப் பெரிய நீர்த்தேக்கப் பள்ளங்கள் கட்ட வேண்டும், செலவு எக்கச்சக்கம் என்று பரிந்துரைத்தது. மகலனோபிஸ் ஐம்பது வருஷ மழை, வெள்ளப் பதிவுகளை எடுத்து உட்கார்ந்தார். அந்தத் தேக்கங்களால் பலன் இல்லை, தண்ணீர் வேகமாக வடிய வழிசெய்வதுதான் தேவை என்று வந்தது. 1926-ல் ஒரிசாவில் பிராமணி நதி வெள்ளம். நதியின் படுகை உயர்ந்துவிட்டது, அதனால் கரைகளைப் பல அடி உயர்த்த வேண்டும் என்று பொறியாளர்கள் சொன்னார்கள். இவர் அறுபது வருஷப் பதிவுகளைப் பார்த்தார். படுகை உயரவே இல்லை. மேல்பகுதியில் அளவுக்கு மீறிப் பெய்த மழைதான் காரணம். கரையை உயர்த்திப் பிரயோசனம் இல்லை, மேலே அணை கட்டித் தடுக்க வேண்டும், அதில் மின்சாரமும் எடுக்கலாம் என்றார். மகாநதியில் ஹிராகுட் அணை திறக்கப்பட்டது 1957-ல். இவருடைய அந்தக் காலத்துக் கணக்குகள் அந்தத் திட்டத்துக்கு அடித்தளமாகச் சொல்லப்படுகின்றன.

கவனிங்க, அவர் நதியைப் பற்றிப் பொறியாளர்களைவிட அதிகம் படித்தவர் இல்லை. பதிவேடுகள் அவர்கள் கையிலேயேதான் இருந்தன. யாரும் கூட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நடுவில் 1923-ல் நிர்மல் குமாரியைக் கல்யாணம் செய்துகொண்டார். பெண்ணின் அப்பாவுக்குச் சம்மதம் இல்லை. பிரம்ம சமாஜ மாணவர் அமைப்பின் சில விதிகளை, குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது என்பது உட்பட, மகலனோபிஸ் எதிர்த்ததுதான் காரணம். அப்பாவின் இடத்தில் நின்று கல்யாணத்தை நடத்தியவர் மகலனோபிஸின் மாமா நீல்ரத்தன் சர்க்கார். தாகூருக்குக் கணவன், மனைவி இரண்டு பேரும் நெருக்கம். விஸ்வபாரதியின் செயலாளராகவும் பத்து வருஷம் இருந்தார். இயற்பியல் வகுப்பு, அலிப்பூர் வானிலை நிலையத்தில் சில வருஷம் பொறுப்பு, தாகூர் வேலை, புள்ளியியல். டைம் மேனேஜ்மென்ட் பேச்சாளர்களிடம் காட்ட வேண்டிய ஆள்.

பிரசிடென்சி கல்லூரியில் தன் அறையிலேயே ஒரு மூலையில் புள்ளியியல் ஆய்வகம் என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார். 1931 டிசம்பர் 17-ல் நடந்த ஒரு கூட்டத்தில் அது இந்தியப் புள்ளியியல் நிறுவனம் ஆக முடிவானது. நாம் ஐ.எஸ்.ஐ. என்று சொல்வது. முதல் வருஷச் செலவு மொத்தமே 250 ரூபாய்க்கும் குறைவு. பகுதிநேரமாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பெட்டி இல்லை, ஆள். கணக்குப் போடுவதற்குச் சம்பளம் வாங்கும் மனிதருக்குத்தான் அப்போது அந்தப் பேர். 1933-ல் சங்க்யா என்ற ஆய்விதழைத் தொடங்கினார். இன்றும் வருகிறது.

இங்கே வேலைக்கு வந்தவர்களைப் பாருங்க. புள்ளியியல் படித்தவர் யாரும் கிடையாது, ஏனென்றால் அப்படி ஒரு படிப்பே நாட்டில் இல்லை. ராஜ் சந்திர போஸ் வடிவியல் ஆள். அவர் கையில் படிக்க வேண்டிய கட்டுரைகளையும் ஃபிஷரின் புத்தகத்தையும் கொடுத்துத் துறைக்குள் இழுத்தார். அந்த வடிவியல் வீணாகவில்லை. தூரம் என்ற கருத்தையே அவரும் எஸ்.என். ராயும் கணித ரீதியாக எங்கேயோ கொண்டுபோனார்கள். பின்னால் அமெரிக்கா போன போஸ், 1959-ல் ஆய்லரின் 177 வருஷத்துப் பழைய ஊகம் ஒன்று தப்பு என்று இருவரோடு சேர்ந்து நிரூபித்தார். சி.ஆர். ராவ் கதை இன்னும் நெருக்கம். கணிதத்தில் முதுகலை முடித்துவிட்டு ராணுவ அளவைப் பிரிவில் வேலை தேடி கல்கத்தா போனார். வேலை கிடைக்கவில்லை. தங்கிய இடத்தில் பழக்கமான ஒருவர் மூலம் ஐ.எஸ்.ஐ. பற்றித் தெரிந்துகொண்டு 1941-ல் பயிற்சிக்குச் சேர்ந்தார். இன்று நாம் படிக்கும் க்ராமர்-ராவ் வரம்பில் உள்ள ராவ் அவர்தான். இன்டர்வியூவில் நிராகரிக்கப்பட்டு ரூமில் உட்கார்ந்திருக்கும் யாராவது இதைப் படிக்கிறீர்களா?

மகலனோபிஸின் மிகப் பெரிய வேலை என்று கேட்டால் நான் தூரத்தைச் சொல்ல மாட்டேன். சணலைச் சொல்வேன்.

வங்காளத்தில் எத்தனை ஏக்கரில் சணல் போட்டிருக்கிறார்கள் என்று அரசுக்குத் தெரியாது. நம்ம பக்கம் ரயத்துவாரி முறை, கர்ணம் ஊர் ஊராக அடங்கல் எழுதி வைத்திருப்பார். அங்கே ஜமீன்தாரி நிரந்தர ஏற்பாடு. வரி மாறாது, அதனால் வயலைப் போய்ப் பார்த்து எழுத ஆளும் கிடையாது. சொல்லப்பட்ட எண்கள் எல்லாம் குத்துமதிப்பு. எல்லா வயலையும் எண்ணுவதென்றால் செலவும் ஆளும் கட்டுப்படி ஆகாது. 1937-ல் மகலனோபிஸ் மாதிரிக் கணக்கெடுப்பில் இறங்கினார். வரைபடத்தில் குருட்டாம்போக்காக, அதாவது முறைப்படியான ராண்டம் தேர்வில், சில இடங்களைக் குறி. அங்கே மட்டும் ஆளை அனுப்பு. முதலில் சின்னதாகச் செய்து பார், எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு, எவ்வளவு பிழை என்று கணக்கெடு, அடுத்த வருஷம் கொஞ்சம் பெரிதாக்கு. பைலட் சர்வே என்று இன்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்வதை அவர் அப்படித்தான் வளர்த்தார். 1941-க்குள் மாகாணம் முழுக்கப் போய்விட்டது.

வயலுக்குப் போகிறவன் மனுஷன்தானே. வெயிலில் சேற்றில் நடக்காமல் டீக்கடையில் உட்கார்ந்து எண்ணை நிரப்பிவிட்டால்? நம்ம மினி ப்ராஜெக்ட்டுக்கு கூகுள் ஃபார்மை நாமே முப்பது தடவை நிரப்பின கதை யாருக்கும் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. மகலனோபிஸ் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு குழுக்களை அனுப்புவது. இரண்டு விடையும் நெருங்கி வந்தால் நம்பலாம். எக்கச்சக்கமாக விலகினால் யாரோ எங்கேயோ தப்பு பண்ணியிருக்கிறார்கள். மாதிரி எடுப்பதால் வரும் பிழையைவிட மனிதன் செய்யும் பிழைதான் பெரிது என்பதை அவர் வயலில் நின்று கற்றுக்கொண்டவர். பின்னால் அரசு வயல் வயலாக எண்ணியும் பார்த்தது. மாதிரிக் கணக்கெடுப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு செலவில், வியாபாரிகள் கையில் உண்மையில் வந்த சணல் கணக்குக்கு அதிக நெருக்கமாக விடை தந்தது.

இந்த வேலைதான் அவரை 1945-ல் ராயல் சொசைட்டிக்குள் கொண்டுபோனது. அதே சமயத்தில் அவர் குழு இன்னொரு கணக்கும் எடுத்துக்கொண்டிருந்தது. 1943 வங்கப் பஞ்சத்துக்குப் பிறகு கிராமங்களில் என்ன மிச்சம் இருக்கிறது, யார் நிலத்தை விற்றார்கள், யார் மாட்டை விற்றார்கள், யார் ஒன்றுமில்லாமல் போனார்கள் என்று வீடு வீடாகப் போய் எடுத்த மாதிரிக் கணக்கு. 1946-ல் சங்க்யாவில் வெளிவந்தது. ஒவ்வொரு வரிசையும் ஒரு குடும்பம். இவ்வளவு பேர் செத்ததற்கு ஒரு காரணம், யாரிடம் எவ்வளவு அரிசி இருக்கிறது என்ற நம்பகமான எண் அரசிடம் இல்லாதது. வேறு காரணங்களும் உண்டு, எண் மட்டும் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் சணலை எண்ணியவர் ஏன் அதற்குப் பிறகு நாட்டையே எண்ணக் கிளம்பினார் என்று இதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

சுதந்திரம் வந்தது. 1949-ல் மத்திய அமைச்சரவையின் கௌரவப் புள்ளியியல் ஆலோசகர். 1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு. கிராமத்துக் குடும்பம் எதற்கு எவ்வளவு செலவு செய்கிறது என்று நாடு தழுவிய முறையில் கேட்ட முதல் முயற்சி. இன்றைக்கும் வறுமை பற்றியோ வேலையின்மை பற்றியோ யாராவது டிவியில் சண்டை போட்டால், அந்த எண்ணின் வம்சம் இங்கேதான் போய் முட்டும்.

இவ்வளவு டேட்டா வந்தால் கணக்குப் போட வேண்டாமா? கையால் சுற்றும் இயந்திரங்களும் மனிதக் கம்ப்யூட்டர்களும் போதவில்லை. 1955-56-ல் பிரிட்டனில் இருந்து ஹெச்.இ.சி.-2எம் என்ற இயந்திரத்தை ஐ.எஸ்.ஐ. வரவழைத்தது. இந்தியாவுக்கு வந்த முதல் டிஜிட்டல் கணினி அதுதான். சில வருஷத்தில் சோவியத் ரஷ்யாவில் இருந்து உரால் வந்தது. சாஃப்ட்வேரா டேட்டாவா என்று நாம இப்ப அடிச்சுக்கிறோம். நாட்டுக்குள் முதல் கம்ப்யூட்டர் வந்ததே எண்ண வேண்டிய டேட்டா குவிந்து கிடந்ததால்தான். அதற்கு நிரல் எழுதக் கற்றுக்கொண்டவர்கள் ஐ.எஸ்.ஐ. ஆட்கள். அங்கே இந்த இரண்டுக்கும் நடுவில் சுவர் இருந்ததாகத் தெரியவில்லை.

எல்லாம் வெற்றி என்று சொல்லிவிட முடியாது. 1956-ல் தொடங்கிய இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் இவருடைய மாதிரியில் எழுதப்பட்டது. கனரகத் தொழிலில் முதலீட்டைக் குவித்தால் நீண்ட கால வளர்ச்சி கூடும் என்பது கணக்கு. பொருளாதார நிபுணர் பி.ஆர். ஷெனாய் அப்போதே எழுத்தில் மறுப்புத் தெரிவித்தார். 1957-லேயே அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. விவசாயத்துக்கு உரிய இடம் கொடுக்கவில்லை என்ற குறை இன்றுவரை பேசப்படுகிறது. பத்து வயலில் சோதித்துவிட்டுத்தான் நூறு வயலுக்குப் போவேன் என்றிருந்த அதே மனுஷர், ஒரு நாட்டின் மேல் மாதிரியைப் போடும்போது பைலட் எதுவும் செய்ய முடியவில்லை. எனக்கு இது அவர் வாழ்க்கையின் பெரிய முரண். பைத்தானில் மாடல் போட்டு 95 சதவீதம் அக்யூரசி வந்ததும் ஸ்டேட்டஸ் வைக்கிற நமக்கும் இது பொருந்தும்.

இழப்பும் உண்டு. கூடப் படித்த சாஹாவின் பேரில் சமன்பாடு இருக்கிறது. அதே கல்லூரியில் அடுத்தடுத்த வருஷங்களில் படித்த சத்யேந்திரநாத் போஸின் பேரில் ஒரு துகள் வகையே இருக்கிறது. வில்சனிடம் சேர்ந்திருந்தால் இவர் இயற்பியலில் என்ன ஆகியிருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. முப்பது வருஷம் அந்தப் பாடத்தை நடத்தினார், அதில் பெரிய ஆராய்ச்சி எதுவும் விட்டுச்செல்லவில்லை. மாறினால் ஒன்று போகும். அதை மறைத்துச் சொல்கிற கோர்ஸ் விளம்பரங்களை நம்பாதீங்க.

1959-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் ஐ.எஸ்.ஐ. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. 1968-ல் பத்ம விபூஷண். கடைசி வருஷங்களில் நிறுவனத்தின் சுதந்திரத்துக்காக அரசோடு இழுபறி. 1972 ஜூன் 28-ம் தேதி, 79-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள் இறந்தார். அப்போதும் நிறுவனத்தின் இயக்குநர் அவர்தான். 2007-ல் இருந்து ஜூன் 29 தேசியப் புள்ளியியல் தினம். அவர் ஆரம்பித்த நிறுவனத்துக்குச் சென்னை தரமணியிலும் ஒரு மையம் இருக்கிறது. டைடல் பார்க்குக்கு இன்டர்ன்ஷிப் போகிறவர்கள் தினமும் அந்தப் பக்கம்தான் போகிறார்கள்.

எலெக்டிவ் படிவத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். என் படிவத்தில் புள்ளியியல் முறைகள் என்ற பாடத்துக்கு நேரே டிக் போட்டிருக்கிறேன். ஜாவா ப்ராஜெக்ட்டில் இருந்து விலகவில்லை. நம்ம காலேஜ் பஸ் எந்த ஸ்டாப்புக்கு எத்தனை நிமிஷம் லேட்டா வருதுன்னு டிரைவர் அண்ணன் ரெண்டு வருஷமா ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கார். யாரும் கூட்டிப் பார்த்ததில்லையாம். அதைக் கேட்டு வாங்கியிருக்கேன்.